டெமா மாப்பிள்ளைக்கு ஒரு தடை மனு

குளச்சல்,
19.06.2013, புதன்கிழமை.

சங்கைக்குரிய அருட்பணி செல்வதாஸ் அடிகளார் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மூத்த சகோதரி செசிலியின் கணவனும், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய மரியஜான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் சகோதரியும் மகள் ஜிஷாவும் ஆண்டவர் கிருபையால் நலம். தங்கள் நலத்துக்கும் தங்கள் பங்கு மக்களின் நலத்துக்கும் தினமும் செபமாலை சொல்லி வருகிறோம். நலம் என்று எழுதியது முறைக்காக எழுதியது. உள்ளபடி சொன்னால் பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, இடது கண் துடிக்கிறது, மிக்ஸி சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்கிறேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு, 23ஆம் தேதி, தங்கள் கோயிலில் ஷிஜினுக்கும் ஜிஷாவுக்கும் மூன்றாம் கல்யாண ஓலை வாசிக்க வேண்டாம். "இவர்கள் திருமணத்துக்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று இரண்டு ஞாயிறாகத் தாங்களே வாசித்திருக்கிறீர்கள். தடையை அறிந்தவன் நான். கடமையைச் செய்கிறேன். இங்கே எங்கள் பங்குச் சாமியாரிடம் நேரில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தாங்கள் அங்கே நிறுத்தினால் இங்கே தானாக நின்றுவிடும். சப்-ஸ்டேஷனில் ஆஃப் செய்தால் வீடு வீடாகப் போய் ஆஃப் செய்ய வேண்டியதில்லை அல்லவா. போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் வீட்டு போன் அடுக்களைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தங்கள் சகோதரிக்கோ மீன் பொரிகிற சத்தத்திலும் காது கேட்கும்.

தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. எங்கள் கல்யாண வீட்டில் அரை நிக்கரோடு மூன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பையனை நான் கண்ணால் பார்த்தவன். இனி நீர் என்றே எழுதுகிறேன். குருப்பட்டத்துக்கு அதில் குறைச்சல் வந்தால் மன்னியும்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று உம்முடைய அக்கா சொல்வாள். நான் ஜாக்கிரதைக்காரன், அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் எல்.சி. வாங்காமல் ஒரு கம்பத்தில் ஏறியதில்லை. எல்.சி. என்றால் லைன் கிளியர், இந்த லைனில் இப்போது கரண்ட் இல்லை, ஏறலாம் என்று சப்-ஸ்டேஷன்காரன் தரும் உறுதி. வாயால் சொன்னால் ஏற மாட்டேன், நம்பர் போட்டு நோட்டில் எழுத வேண்டும். அப்படிப்பட்ட நான் என் ஒரே பிள்ளையின் கல்யாண விஷயத்தில் எல்.சி. இல்லாமல் ஏறிவிட்டேன். ஜனவரியில் நீர் இந்த வரனைக் கொண்டுவந்தீர். கருங்கல் பக்கத்துப் பையன், உமது பங்கு, நல்ல குடும்பம், கானாவில் டெமா என்ற ஊரில் மீன் கம்பெனியில் குளிர்சாதன மெக்கானிக், நாலு வருஷமாக இருக்கிறான் என்றீர். நம் ஊரில் யார் வெளிநாடு போனாலும் சவூதி, குவைத், கத்தார். அந்த வரிசையில் கானாவும் வளைகுடாவில் ஏதோ ஓர் எண்ணெய்க் கிணற்றோரம் இருக்கும் என்று நினைத்தேன். பேரீச்சம்பழம் கொண்டுவருவான் என்றுகூட நினைத்தேன். முதல் ஓலையில்தான் எங்கள் சாமியார் "ஆப்பிரிக்கா, கானா நாட்டில் பணிபுரியும்" என்று விரிவாக வாசித்தார். முழங்காலிட்டிருந்தவன் பூசை முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் பக்கத்து வீட்டு நேசம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அண்ணே, ஆப்பிரிக்காவுக்கா புள்ளய அனுப்புதிய? அங்க சிங்கம் ரோட்டுல நடக்கும்னு சொல்லுதாவளே" என்றாள். அவளுக்கு எது தெரியும், ஆனால் எனக்கும் எதுவும் தெரியாதே. வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து நெய்மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜிஷா பக்கத்தில் வந்து, "அப்பா, பேடியாட்டு இருந்துன்னா நேரா சொல்லுங்க. மத்தவிய சொல்லுததக் கேக்காண்டாம். அந்த ஊர்க்காரவிய எழுதுததையே வாசிங்க" என்று தன் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். லேபில் ரத்தம் சோதிக்கும் பிள்ளை, எதையும் சோதித்துப் பார்த்தே நம்புவாள். அவள் காட்டியது ஒரு வலைப்பதிவு. டெமாவிலேயே இருக்கும் எஃபுவா என்ற கணக்கு டீச்சரம்மா, தினம் நடப்பதை வாரம் இரண்டு தரம் எழுதிப் போடுகிறாள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷும் டிக்ஷனரியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

பிள்ளை என் பயம் போகட்டும் என்று காட்டினாள். ஆனால் நடந்தது வேறு. அந்த அம்மாள் எழுதுகிறாள்: மினி பஸ்காரன் ஆள் நிறையாமல் வண்டியை எடுக்க மாட்டான், கண்ணாடியில் பைபிள் வசனம் எழுதி வைத்துக்கொண்டு எமன் மாதிரி ஓட்டுவான், ஒரு சாவு விழுந்தால் தெருவெல்லாம் செத்தவர் படம் போட்டு பேனர் கட்டுவார்கள், மைக் செட் அலறும், பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பாள், கல்யாணத்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரன் மூன்று தலைமுறைக்குப் பேச மாட்டான். நம் ஊர் மாதிரியே இருக்கிறதே, பயம் குறைந்திருக்குமே என்று நீர் கேட்பீர். நம் ஊர் எப்படி என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் பயம் கூடியது. இந்த ஊரிலேயே பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து போன் செய்யும் வரை வாசலில் நிற்கிறவன் நான். இதே ஊர் கடலுக்கு அப்பால் இன்னொன்று இருக்கிறது, அங்கே வாசலில் நிற்க ஆள் இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வேறு வலைப்பதிவுகளின் பெயர் வரிசையாக இருந்தது. ஒன்றைத் தொட்டால் நைஜீரியா, அதிலிருந்து கென்யா, அதிலிருந்து காங்கோ, அப்புறம் சோமாலியா. ஒருவன் கொள்ளைக்காரக் கப்பலைப் பற்றி எழுதுகிறான், ஒருத்தி காய்ச்சலைப் பற்றி, ஒருவன் தேர்தல் அடிதடியைப் பற்றி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஷிஜின் வீட்டுப் பக்கம்" என்று குறித்துக்கொண்டேன். நாற்பத்து மூன்று ஆபத்து சேர்ந்துவிட்டது. ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நைரோபிக்காரன் ஒருவன் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தேன். "அவர்கள் ஏழு பேர் வந்தார்கள். வாசலை மறித்து நின்றார்கள். எங்களிடம் எவ்வளவு உணவு கையிருப்பு இருக்கிறது என்று கேட்டார்கள். என் மனைவி நடுங்கினாள். அப்போது அவர்களில் பெரியவன்" என்ற இடத்தில் நம் ஊரில் கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை, அதுவும் அணைந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அன்றைய பவர் கட். மூன்று மணி நேரம் அந்தக் குடும்பத்துக்காக முழங்காலில் நின்றேன், செல்வதாஸ். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை மூன்று தரம் முடிந்தது. கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தப் பெரியவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "மச்சான், ஒருநாள் இருந்துவிட்டுப் போகிறோம்" என்றானாம். வந்தவர்கள் அவன் மனைவியின் தம்பிமார். பத்தொன்பது நாள் இருந்தார்களாம். அதை வாசித்ததும் உம்முடைய ஞாபகம் வந்தது, வேறு ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் எஃபுவா அம்மாளோடு எனக்கு ஒரு மனஸ்தாபம். அங்கேயும் கரண்ட் நினைத்த நேரம் போய் நினைத்த நேரம் வருகிறது, அதற்கென்று தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதும்போது லைன்மேன்களை எல்லாம் கரித்துக் கொட்டியிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எந்த நாட்டு லைன்மேன் ஆனாலும் லைன்மேன்தானே, மேலிருந்து வராத கரண்டை அவன் பையிலிருந்தா எடுத்துத் தர முடியும்? பக்கத்தின் அடியில் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. அதில் டிரான்ஸ்பார்மரின் கஷ்டத்தை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். மறுநாள் பதில் போட்டிருந்தாள்: "ஐயா, மன்னிக்கவும். எங்கள் தெரு லைன்மேனுக்கு இன்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தேன்." என் சர்வீஸில் யாரும் எனக்கு ஒரு நாரங்காய் கூட வாங்கித் தந்ததில்லை. இவள் நல்லவள், இவளை நம்பலாம் என்று முடிவு செய்து, ஒரு காரியம் செய்துவிட்டேன்.

நம் ஊரில் மாப்பிள்ளை பார்த்தால் என்ன செய்வோம்? அவன் தெரு முனை டீக்கடையில் போய் ஒரு டீ குடித்துக்கொண்டே பையன் எப்படி என்று விசாரிப்போம். டெமாவில் எனக்கு ஏது டீக்கடை? அதனால் அந்தப் பெட்டியிலேயே எழுதினேன். மரியாதைக்குரிய அம்மா, ஷிஜின் என்ற பையன், உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், மாநிறம், நெற்றியில் தழும்பு, இன்ன கம்பெனி, குடிப்பானா, ஞாயிறு பூசைக்குப் போவானா, கோபம் வந்தால் பாத்திரத்தை எறிவானா, தயவுசெய்து அக்கம்பக்கத்தில் ரகசியமாக விசாரித்து எழுதவும் என்று எழுதி, கூடவே நோட்டிலிருந்த நாற்பத்து மூன்று ஆபத்தையும் வரிசையாகச் சேர்த்து, கீழே என் பெயரும் விலாசமும் போன் நம்பரும் போட்டேன். ரகசியம் என்று இரண்டு தரம் அடிக்கோடு போட வழி தேடினேன், கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஜிஷா லேப்டாப்பைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, என்ன சோலி பாத்து வச்சிருக்கிய? இது சந்தைக்க நடுவுல நின்னு மைக்குல விளிச்சுச் சொல்லுதது மாதிரியாக்கும். ஒலகமே வாசிக்குவு" என்றாள்.

"தபால் பெட்டி மாதிரில்லா இருந்து மக்கா" என்றேன்.

ஐம்பத்தெட்டு பேர் பதில் எழுதியிருந்தார்கள். நைஜீரியாக்காரன் ஒருவன், பையனின் அப்பாவை நேரில் வரவழைத்துப் பேசாமல் பெண் கொடுக்காதீர்கள் என்கிறான். கானாக்காரப் பெரியவர் ஒருவர், எங்களிடமும் பெண் கேட்டுக் கதவைத் தட்ட வருமுன் இரண்டு வீட்டாரும் இப்படித்தான் துருவுவார்கள், தொடரட்டும் என்கிறார். கென்யாவிலிருந்து ஒரு பெண், என் நாற்பத்து மூன்று ஆபத்தையும் நான் அங்கே எழுதியதைப் பார்த்துக் கோபப்பட்டுவிட்டாள். ஆப்பிரிக்கா ஒரு கிராமம் இல்லை ஐயா, சோமாலியாவின் கடல் கொள்ளைக்காரன் கானாவுக்கு வர வேண்டுமானால் உங்கள் ஊரிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பி வருவதைவிட அதிக தூரம் வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். சரிதான். நாற்பத்து மூன்றில் முப்பத்தெட்டை அடித்தேன். ஆனால் ஷிஜினின் கம்பெனியில் எல்லோரும் இதை வாசித்து, அவனைப் பார்த்தால் "பாத்திரம் எறிவாயா?" என்று கேட்கிறார்களாம். ஜிஷா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "எனக்கு அவியளப் பிடிச்சிருக்குப்பா. நீங்க ஆண்டாம்னு சொன்னியன்னா நான் போவ மாட்டேன். ஆனா பேடிச்சுட்டு ஆண்டாம்னு சொல்லாதிய" என்றாள். உம்முடைய அக்கா பக்கத்திலிருந்து, "கெட்டுன எடத்துல ஒருநாளாவது நான் பேடிச்சு நின்னேனா? நீங்க எதுக்குக் கெடந்து வெப்ராளப்படுதிய?" என்கிறாள். அவள் கட்டிக்கொண்டு வந்தது நாலு கிலோமீட்டர்.

இனி எழுதுவதை நீர் சாமியாராக இருந்து வாசிக்க வேண்டும். அந்த ஐம்பத்தெட்டு பேரில் ஒருவன், மகளுக்காகப் பயப்படும் ஐயா இதையும் வாசிக்கட்டும் என்று இன்னொரு வலைப்பதிவைச் சொல்லியிருந்தான். நம் நாட்டில் ஏதோ ஒரு நகரத்தில் இன்ஜினியரிங் படித்த நைஜீரியப் பையன் எழுதியது. வீடு கேட்டுப் போனால் கதவைச் சாத்தியது, கடையில் தன்னைப் பார்த்துச் சிரித்தது, பஸ்ஸில் தன் பக்கத்தில் மட்டும் இடம் காலியாகவே இருந்தது, எல்லாவற்றையும் கோபம் இல்லாமல் எழுதியிருந்தான். அம்மாவிடம் போனில் எல்லோரும் நன்றாக நடத்துகிறார்கள் என்று சொல்வானாம். எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலிலிருந்து தக்கலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பார்வதிபுரத்தில் ஒரு ஆப்பிரிக்கப் பையன் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தான். காலேஜ் பையன், மடியில் புத்தகம். நான் எழுந்தேன். நான் இறங்கப் போகிறேன் என்று நினைத்து முழங்காலை ஒதுக்கி வழிவிட்டான். நான் இறங்கவில்லை. பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தக்கலை வரை நின்றேன். ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவன் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. அவனுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார், அவரும் எங்கோ வாசலில் நின்றிருப்பார். பட்டியலில் மீதி இருந்த ஐந்தையும் அன்றைக்கே அடித்துவிட்டேன். சிங்கமும் இல்லை, கொள்ளைக்காரனும் இல்லை. இப்போது இருப்பது ஒரே பயம்தான்: டெமாவில் மினி பஸ்ஸில் என் பிள்ளை போய் உட்காரும்போது, என்னைப் போல ஒருவன் எழுந்து போய்விட்டால்? அவள் திரும்பிப் பார்க்கும்போது அவன் வெளியே பார்த்தால்? அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, செல்வதாஸ். பிறந்த அன்றைக்கு என் முழங்கை நீளம் இருந்த பிள்ளை.

ஆகவே மேற்படி காரணங்களால் மூன்றாம் ஓலையை நிறுத்தி வைத்து, கல்யாணத்தை ரத்து செய்து, பழி யார் மேலும் விழாதபடி நீரே ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஷிஜினின் வீட்டாருக்கு என் அன்பு. உமது இல்லத்தில் சமைக்கும் பெண்ணிடம் உப்பைக் குறைக்கச் சொல்லும், உமக்குப் பிரஷர் உண்டு. வயதில் மூத்தவன் நான் உமக்கு ஆசீர் சொல்ல வேண்டும், பட்டத்தில் மூத்தவர் நீர் எனக்கு ஆசீர் சொல்ல வேண்டும், இரண்டும் வழியில் சந்தித்துக்கொள்ளட்டும். இறைவன் உம்மைக் காப்பாராக.

இப்படிக்கு,
உமது அத்தான்,
ம. மரியஜான்,
லைன் இன்ஸ்பெக்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது எஃபுவா அம்மாளிடமிருந்து ஜிஷாவின் மெயிலில் பதில் வந்தது. விசாரித்துவிட்டாளாம். நேராக ஷிஜினின் வீட்டுக்கே போய், அவன் வைத்த மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். விசாரிக்கப் போன ஆள் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டு ஆளாகத் திரும்புவது நம் ஊர் வழக்கம்தானே, அங்கேயும் அதுதான். குடிக்க மாட்டான், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவான், கரண்ட் போனால் தெருவில் எல்லோர் வீட்டு ஜெனரேட்டரையும் இவன்தான் சரிசெய்து தருவான், அவன் எங்கள் பிள்ளை என்று எழுதியிருக்கிறாள். அதோடு விட்டாளா? என் பட்டியலைப் பார்த்ததிலிருந்து அவளுக்கும் சந்தேகமாம். நான்கு நாளாக நம் ஊரைப் பற்றி எழுதும் வலைப்பதிவுகளைத் தேடித் தேடி வாசித்தாளாம். பதினான்கு மணி நேரம் கரண்ட் கிடையாதாமே, கடல் ஊருக்குள் வந்த கரையாமே, பக்கத்தில் அணு உலையாமே, பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போகுமாமே, வரதட்சணை கேட்டு எரிப்பார்களாமே, இப்படிப்பட்ட இடத்துக்கு எங்கள் பிள்ளையை மூன்று வாரம் எப்படி அனுப்புவது, கல்யாணத்தை டெமாவிலேயே வைத்தால் என்ன என்று கேட்கிறாள். போதாக்குறைக்கு, பெண்ணின் அப்பாவுக்குப் புத்தி நலமாக இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் பங்குச் சாமியாரிடம் எழுத்தில் உறுதி வாங்கி அனுப்ப வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நம் ஊரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? எங்கோ உட்கார்ந்து நாலு பக்கம் வாசித்துவிட்டால் ஊர் தெரிந்துவிடுமா? நம் பிள்ளைகளும் இங்கேதானே வளர்கிறார்கள், வந்து இருந்து பார்த்தால் அல்லவா தெரியும் என்று மூன்று பக்கம் பதில் அடித்தேன். ஜிஷா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டே இருந்தாள். நானும் ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன், கென்யாக்காரி எனக்கு எழுதியது போலவே இருந்தது. எல்லாவற்றையும் அழித்து, "மாப்பிள்ளையைத் தைரியமாக அனுப்புங்கள், நான் ஏர்போர்ட் வாசலில் நிற்பேன். என் பிள்ளை வரும்போது நீங்கள் நில்லுங்கள்" என்று இரண்டு வரி மட்டும் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில்: "நிற்பேன். பஸ்ஸிலும் பக்கத்தில் நான்தான் உட்காருவேன்."

எனவே ஓலையை வாசித்துவிடும். கொஞ்சம் சத்தமாகவே வாசியும். எனக்குப் புத்தி நலம் என்று உமது லெட்டர்பேடில் சீல் வைத்து உடனே அனுப்பும். தாள் வீணாகிறது என்பதால் மேற்படி கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன், ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்ளும், அப்போது வெளியே சொல்ல உமக்கு அதிகாரம் இல்லை. அந்த பஸ் விஷயத்துக்கு மட்டும் என்ன அபராதம் என்று எழுதும். டெமாவுக்கு ஒரு தரம் போய் வா என்று விதித்தாலும் செய்கிறேன்.